அணுசக்தியில் கார் ஓடுமா? மும்பையிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

செம்பூர், கோவண்டி, அணுசக்தி நகர் பக்கம் குடியிருக்கும் தமிழர்களில், டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்க்கும் ஒருவரையாவது தெரியாதவர்கள் குறைவு. அதனாலோ என்னவோ, இங்கே யாராவது எலெக்ட்ரிக் கார் வாங்கும் பேச்சை எடுத்தால் அது எப்படியும் அணுசக்தியில் போய் நிற்கும். "பெட்ரோலும் வேண்டாம், சார்ஜரும் வேண்டாம், உள்ளேயே ஒரு குட்டி அணு உலையை வைத்துவிட்டால் என்ன?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் எட்டு கிராம் தோரியத்தில் ஆயுள் முழுக்கக் கார் ஓடும் என்ற வாட்ஸ்அப் செய்தியைக் காட்டுவார். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் கீழே தொகுத்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், ஓடுமா ஓடாதா?

உலையைக் காருக்குள் வைத்தால் ஓடாது. உலையைத் தாராப்பூர் அணுமின் நிலையத்தில் வைத்து, அங்கிருந்து கம்பி வழியாக வரும் மின்சாரத்தைப் பேட்டரியில் ஏற்றிக்கொண்டால் தாராளமாக ஓடும். முலுண்டிலும் டோம்பிவிலியிலும் ஓரளவுக்கு அது இன்றைக்கே நடக்கிறது. ஓட்டுபவருக்குத்தான் தெரியாது.

இதை யாருமே முயன்று பார்க்கவில்லையா?

காகிதத்திலும் களிமண்ணிலும் நிறையவே முயன்றார்கள். 1950-களில் அணுசக்தி என்றால் எதுவும் முடியும் என்ற மயக்கம் உலகம் முழுக்க இருந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஃபோர்டு நிறுவனம் 'நியூக்ளியான்' என்று ஒரு காரைக் காட்டியது. முழு அளவுக் கார் அல்ல, எட்டில் மூன்று பங்கு அளவுள்ள மாதிரி. பின்பக்கம் ஒரு சிறிய உலை, அதன் வெப்பத்தில் நீராவி, நீராவியில் சுழலும் டர்பைன், ஒருமுறை எரிபொருள் போட்டால் 8,000 கிலோமீட்டர் என்பது திட்டம். பெட்ரோல் பங்க் மாதிரி அங்கங்கே நிலையங்கள் இருக்கும், தீர்ந்துபோன உலைப் பெட்டியைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். அந்த மாதிரிக்குள் உலையும் கிடையாது, எஞ்சினும் கிடையாது. இப்போது அது டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்டூடிபேக்கர்-பேக்கார்டின் 'ஆஸ்ட்ரல்', பிரான்சின் சிம்கா 'ஃபுல்குர்' எல்லாம் அதே காலத்தில் வந்த அதே ரகக் கனவுகள்.

ஓரளவு கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் பெரிய வண்டிகளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தின் லைல் போர்ஸ்ட் 1954-இல் அணுசக்தி ரயில் எஞ்சின் ஒன்றை வடிவமைத்தார். அதன் எடை சுமார் 360 டன் வந்தது. அதுவும் தண்டவாளம் ஏறவில்லை. 1960-களின் தொடக்கத்தில் சோவியத் நாடு டெஸ்-3 என்ற நடமாடும் அணுமின் நிலையத்தைக் கட்டியே காட்டியது. அதைச் சுமக்க டாங்கி போன்ற நான்கு கனரக வண்டிகள் தேவைப்பட்டன. அதன் வேலை போய்ச் சேர்ந்த இடத்தில் மின்சாரம் தயாரிப்பதுதான்.

ஒரு கிராம் யுரேனியத்தில் அவ்வளவு ஆற்றல் இருக்கிறதே, அப்புறம் என்ன தடை?

ஆற்றல் இருப்பது உண்மை. யுரேனியத்தில் எளிதாகப் பிளக்கும் வகையான யுரேனியம்-235 ஒரு கிராம் முழுவதும் பிளந்தால் கிடைக்கும் வெப்பம், சுமார் 2,400 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிடைக்கும் வெப்பத்துக்குச் சமம். நம் ஊர் சின்னக் காருக்கு அது நாற்பதாயிரம் கிலோமீட்டர். இதைக் கேட்டதும் கை பரபரக்கத்தான் செய்யும்.

ஆனால் ஒரு கிராமைத் தனியாக எடுத்து வைத்தால் ஒன்றுமே நடக்காது. ஒற்றைக் கரித்துண்டு தானாகக் கனன்றுகொண்டு இருப்பதில்லை, கும்மட்டியில் நாலு துண்டு நெருங்கிக் கிடந்தால்தான் ஒன்றின் சூட்டில் இன்னொன்று கனலும். அணுப்பிளவும் அப்படித்தான். ஓர் அணு பிளக்கும்போது வெளிவரும் நியூட்ரான் இன்னோர் அணுவைத் தாக்க வேண்டும். எரிபொருள் குறைவாக இருந்தால் நியூட்ரான்கள் வெளியே தப்பிவிடும், தொடர்வினை அணைந்துவிடும். தொடர்வினை நிலைக்க வேண்டிய குறைந்தபட்ச அளவை மாறுநிலை நிறை என்பார்கள். சுற்றிலும் எதுவுமில்லாத தூய யுரேனியம்-235 உருண்டைக்கு அது 50 கிலோவுக்குச் சற்று மேல். நியூட்ரான்களைத் திருப்பி அனுப்பும் பொருள்களைச் சுற்றி வைத்தால் குறையும், அதுவும் ஒன்றிரண்டு கிராமுக்கு வந்துவிடாது.

ஒரு நிஜ உதாரணம்: 2018-இல் அமெரிக்கா விண்வெளிக்காக 'கிரஸ்டி' என்ற மிகச் சிறிய உலையை நெவாடாவில் ஓட்டிப் பார்த்தது. அது தந்தது சில கிலோவாட் வெப்பம்தான். உள்ளே இருந்ததோ சுமார் 28 கிலோ யுரேனியம்-235, அணுகுண்டுக்குச் செறிவூட்டும் தரத்தில். அதை உங்கள் கார் டிக்கியில் வைக்க எந்த நாட்டு அரசு விடும்?

அரிஹந்த் நீர்மூழ்கிக் கப்பலில் உலை இருக்கிறதே? அதைச் சுருக்கினால்?

அரிஹந்தின் எடை சுமார் 6,000 டன். அதில் சில நூறு டன் கவசம் ஏற்றுவது பெரிய பாரமில்லை. சுற்றிலும் கடல் இருப்பதால் குளிர்விக்கத் தண்ணீருக்கும் பஞ்சமில்லை. காருக்கு இந்த இரண்டும் கிடையாது.

இந்த விஷயத்தின் மையமே கவசம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 50 கிலோவாட் திறனுள்ள ஒரு சின்னக் காருக்கு, நீராவி வழியில் போனால், 200 கிலோவாட் வெப்பம் தரும் உலை வேண்டும். கவசமில்லாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் உயிர் போகும் அளவுக் கதிர்வீச்சு விநாடிகளில் உடலில் ஏறிவிடும். காமா கதிரைத் தடுக்க ஈயம், இரும்பு மாதிரி கனமான பொருள் வேண்டும். நியூட்ரானைத் தடுக்க அது மட்டும் போதாது, தண்ணீரோ பிளாஸ்டிக்கோ கான்கிரீட்டோ மாதிரி ஹைட்ரஜன் உள்ள பொருளும் வேண்டும். உலையின் திறனைப் பாதியாக்கினால் கவசமும் பாதியாகும் என்று நினைக்கிறார்கள். அப்படிக் குறைவதில்லை, சில சென்டிமீட்டர்தான் மெலியும். பெரிய உலையைச் சுருக்கலாம், கவசத்தைச் சுருக்க முடியாது.

அமெரிக்க விமானப்படை இதோடு பதினைந்து ஆண்டு மல்லுக்கட்டியது. என்பி-36எச் என்ற குண்டுவீச்சு விமானத்தில் உலையை ஏற்றி 1955 முதல் 1957 வரை 47 முறை பறந்தார்கள். விமானத்தை இழுத்தது வழக்கமான எஞ்சின்கள்தான். உலை மேலே சும்மா ஓடிக்கொண்டிருந்தது, கவசம் தாங்குகிறதா என்று பார்ப்பதற்காக. விமானிகள் அறையைச் சுற்றி மட்டும் 11 டன்னுக்குக் குறையாத ஈயமும் ரப்பரும். சுமார் 100 கோடி டாலர் செலவான பிறகு, 1961-இல் கென்னடி அந்தத் திட்டத்தையே மூடினார்.

அதிலும் ஒரு சௌகரியம் இருந்தது. வானத்தில் பக்கத்தில் ஆள் கிடையாது, ஆகவே விமானிகள் இருக்கும் திசையை மட்டும் மறைத்தால் போதும். காரில் அப்படி ஏமாற்ற முடியாது. மாலை ஏழு மணிக்கு சயான் சர்க்கிளில் உங்கள் காரை ஒட்டி ரிக்‌ஷாக்காரர், பைக்கில் மனைவி குழந்தையோடு ஒருவர், வடாபாவ் வண்டி என்று எல்லாப் பக்கமும் ஆட்கள். ஆறு பக்கமும் முழுக் கவசம் வேண்டும். பத்துப் பதினைந்து டன் ஏற்றிய பிறகு அதை இழுக்க இன்னும் பெரிய எஞ்சின் வேண்டும், அதற்கு இன்னும் பெரிய உலை.

காரை நிறுத்தினால் உலையும் நின்றுவிடும்தானே?

தொடர்வினை நிற்கும், சூடு நிற்காது. பிளந்த அணுக்களின் மிச்சங்கள் சிதைந்துகொண்டே இருப்பதால், நிறுத்திய கணத்தில் முழுத் திறனில் 6 முதல் 7 சதவீத வெப்பம் வந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரம் கழித்தும் ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும். நம் 200 கிலோவாட் உலையில் முதல் கணக்கு 12 கிலோவாட்டுக்கு மேல், அதாவது ஆறு கீசர்களின் சூடு. அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2011-இல் ஃபுகுஷிமாவில் நடந்தது இதுதான்: நிலநடுக்கம் வந்ததும் உலைகள் ஒழுங்காக நின்றன, சுனாமிக்குப் பிறகு மிச்சச் சூட்டை வெளியேற்றத்தான் வழியில்லாமல் போனது. ஜூலை மழையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் பம்ப்புக்கு மின்சாரம் போய்விட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க் கிரகத்தில் அணுசக்தி வண்டி ஓடுகிறது என்கிறார்களே?

ஆமாம், பொய்யில்லை. 2012-இல் இறங்கிய க்யூரியாசிட்டியும் 2021-இல் இறங்கிய பெர்செவரன்சும் அணுசக்தி வண்டிகள்தான். ஆனால் அவற்றில் உலை கிடையாது. புளூட்டோனியம்-238 தானாகச் சிதையும்போது வரும் சூட்டை நேரடியாக மின்சாரமாக மாற்றுகிறார்கள். பிளவும் இல்லை, தொடர்வினையும் இல்லை, அசையும் பாகமும் இல்லை. அந்தப் புளூட்டோனியத்திலிருந்து வருவது பெரும்பாலும் ஆல்ஃபா துகள்கள், மெல்லிய உறையே அவற்றைத் தடுத்துவிடும்.

அப்படியானால் இது காருக்கு ஏற்றதாயிற்றே என்று தோன்றும். க்யூரியாசிட்டியின் எடை சுமார் 900 கிலோ, ஒரு சின்ன மாருதி அளவு. அதன் மின்கலத்தில் 4.8 கிலோ புளூட்டோனியம் டைஆக்சைடு. இறங்கியபோது கிடைத்த மின்சாரம் சுமார் 110 வாட். ஒரு சீலிங் ஃபேன், ஒரு ட்யூப் லைட், அவ்வளவுதான். உச்ச வேகம் விநாடிக்கு 4 சென்டிமீட்டர். ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் அறுபதில் போகும் எலெக்ட்ரிக் காருக்கு 8 முதல் 10 கிலோவாட் வேண்டும். 10 கிலோவாட்டுக்கு அந்த மின்கலம் தொண்ணூறு வேண்டும், 400 கிலோவுக்கு மேல் புளூட்டோனியம் டைஆக்சைடு. அமெரிக்கா ஆண்டுக்கு ஒன்றரை கிலோ தயாரிப்பதையே இலக்காக வைத்துக்கொண்டு சிரமப்படுகிறது.

ஐம்பது ஆண்டு ஓடும் அணு பேட்டரியைச் சீனா கண்டுபிடித்துவிட்டதாமே?

2024-இல் பீட்டாவோல்ட் என்ற சீன நிறுவனம் நிக்கல்-63 வைத்து பிவி100 என்ற பேட்டரியைக் காட்டியது. ஒரு நாணய அளவு, ஐம்பது ஆண்டு ஆயுள். தருவது 100 மைக்ரோவாட். ஒரு காருக்குப் பத்துக் கோடி பேட்டரிகளை அடுக்க வேண்டும், ஒரு பெஸ்ட் பஸ்ஸுக்குள்ளும் அடங்காது. உணர்கருவிகள், பேஸ்மேக்கர் மாதிரி கருவிகளுக்கு நல்ல பொருள். தலைப்பை மட்டும் படித்துவிட்டு அனுப்புகிறவர்கள் வாட் கணக்கைப் பார்ப்பதில்லை.

எட்டு கிராம் தோரியம் செய்தி?

2011 வாக்கில் ஓர் அமெரிக்க நிறுவனம் தோரியமும் லேசரும் வைத்துக் கார் செய்யப்போவதாகச் சொன்னது, எட்டு கிராம் போதும், ஆயுள் முழுக்க எரிபொருள் வேண்டாம் என்றது. கார் வரவில்லை, செய்தி மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தோரியம் தானாக எரிபொருள் ஆகாது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 1,400 கோடி ஆண்டு, கையில் வைத்தால் உள்ளங்கைகூடச் சூடாகாது. லேசர் அடித்தாலும் அது பிளக்காது. வேறொரு உலையில் நியூட்ரானை விழுங்கி, யுரேனியம்-233 ஆக மாறிய பிறகுதான் பயன்படும். மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருப்பதால் நமக்கு இதில் ஒரு சொந்தப் பெருமை உண்டு, அது நியாயமும்கூட. யுரேனியம்-233-இல் ஓடும் 'காமினி' உலை கல்பாக்கத்தில் 1996 முதல் இருக்கிறது. எரிபொருள் சுமார் 600 கிராம்தான், திறன் 30 கிலோவாட் வெப்பம். கேட்டால் கார் அளவு மாதிரித்தான் இருக்கும். ஆனால் அது உட்கார்ந்திருப்பது தண்ணீர்த் தொட்டிக்குள், சுற்றிலும் கனத்த கான்கிரீட்.

விபத்து நடந்தால் வெடிக்குமா?

அணுகுண்டு மாதிரி வெடிக்காது. உடைந்து, உள்ளே இருப்பது சாலையில் கொட்டும், அதுவே போதும்.

எனக்கு விபத்தைவிடப் பெரிய கவலை, கார் பழசான பிறகு என்ன ஆகும் என்பது. மும்பையில் காரின் கடைசி நிறுத்தம் பெரும்பாலும் குர்லாப் பக்கத்துக் காயலான் கடைகள். அங்கே கேஸ் கட்டரும் சுத்தியலும்தான் கருவிகள். 1987-இல் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவியைப் பழைய இரும்புக்கு உடைத்தார்கள். உள்ளே இருந்தது நூறு கிராமுக்கும் குறைவான சீசியம் உப்பு, நீலமாக ஒளிர்ந்தது என்று வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். நால்வர் இறந்தார்கள், 249 பேர் உடலில் கதிரியக்கம் கண்டறியப்பட்டது. 2010-இல் தில்லி மாயாபுரியிலும் ஒரு பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவியிலிருந்த கோபால்ட்-60, காயலான் கடைக்குப் போய் ஒருவர் உயிரைக் குடித்தது. அவை உரிமம் தேவைப்பட்ட கருவிகள். லட்சக்கணக்கான கார்களுக்கு யார் கணக்கு வைப்பது? கதிரியக்கப் பொருள்களைக் கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைமையகம் அணுசக்தி நகரில்தான் இருக்கிறது. காயலான் கடைச் சந்துகளுக்குக் காவல் போட அவர்களால் ஆகாது.

சரி, கம்பி வழியாகவே எடுத்துக்கொள்வோம். ஒரு காருக்கு எவ்வளவு யுரேனியம் ஆகும்?

இந்தக் கணக்கு எனக்குப் பிடித்தது. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் எலெக்ட்ரிக் காருக்கு, சார்ஜரிலும் லைனிலும் வீணாவதையும் சேர்த்து, சுமார் 2,200 யூனிட் வேண்டும். தாராப்பூரின் மூன்றாம் நான்காம் உலைகள் கனநீர் வகை, செறிவூட்டாத இயற்கை யுரேனியத்தில் ஓடுபவை. அந்த வகையில் ஒரு கிலோ யுரேனியம் 45,000 யூனிட்டுக்குக் குறையாமல் தரும். ஆக, உங்கள் காரின் ஓராண்டு ஓட்டத்துக்கு ஐம்பது கிராம் போதும். அதே தூரத்துக்குப் பெட்ரோல் என்றால் 650 லிட்டருக்கு மேல்.

உலையைக் காருக்குள் வைத்தால் மாறுநிலை நிறைக்காகக் கிலோ கிலோவாகச் சுமக்க வேண்டும். பெரிய உலையில் அந்த நிறை லட்சக்கணக்கானவர்களுக்குப் பொதுவாக இருக்கிறது, உங்கள் பங்குக்கு ஐம்பது கிராம்தான் எரிகிறது. கவசமும் அப்படியே, எல்லாருக்கும் சேர்த்து ஒரே கவசம்.

540 மெகாவாட் உலை ஒன்று எண்பது சதவீதத் திறனில் ஓடினால், தன் தேவை போக, ஏறக்குறைய பதினைந்து லட்சம் கார்களுக்கு ஆண்டு முழுக்க மின்சாரம் தரலாம். தாராப்பூரில் அப்படி இரண்டு இருக்கின்றன, 2005-06-இல் வந்தவை. 1969-இல் தொடங்கிய பழைய இரண்டும் சிறியவை.

அப்படியானால் செம்பூரில் நான் சார்ஜ் செய்வது அணு மின்சாரமா?

அநேகமாக இல்லை. டிராம்பேயில் 1956 ஆகஸ்ட் 4 அன்று இயங்கத் தொடங்கிய அப்சரா முதல் இன்றைய துருவா வரை எல்லாம் ஆராய்ச்சி உலைகள், ஊருக்கு மின்சாரம் தருபவை அல்ல. அந்தப் பக்கம் தெரியும் உயரமான புகைபோக்கிகள் டாடாவின் அனல்மின் நிலையத்துடையவை. இதைச் சொன்னால் இருபது ஆண்டாக இங்கே இருப்பவர்களும் நம்ப மறுக்கிறார்கள்.

மும்பை நகருக்குள் மின்சாரம் கொடுப்பவர்கள் பெஸ்ட், டாடா, அதானி. இவர்களுடைய மின்சாரம் பெரும்பாலும் டிராம்பே, தஹானு அனல் நிலையங்கள், மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள டாடாவின் நீர்மின் நிலையங்கள், சூரியஒளி, காற்று. முலுண்ட், பாண்டுப், தானே, கல்யாண், டோம்பிவிலி எல்லாம் மாநில அரசின் மின் விநியோக நிறுவனமான மகாவிதரண் பகுதி. அவர்கள்தான் தாராப்பூர் மின்சாரத்தை விலைக்கு வாங்குகிறார்கள். கம்பிக்குள் எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் வருகிறது, இது காகிதக் கணக்கு மட்டுமே. நாடு முழுவதற்கும் பார்த்தால் நூறு யூனிட்டில் மூன்று யூனிட்தான் அணுமின்சாரம், எழுபதுக்கு மேல் நிலக்கரி.

அணு மின்சாரத்தில் சார்ஜ் செய்த காரில் கதிர்வீச்சு இருக்குமா?

இருக்காது மாமி. கம்பியில் கதிரியக்கம் வராது.

கழிவு?

உங்கள் பங்கான ஐம்பது கிராமும் எரிந்து மறைந்துவிடாது, கிட்டத்தட்ட அதே எடையில், பல மடங்கு கதிரியக்கத்தோடு வெளியே வரும். முதலில் ஆண்டுக்கணக்கில் தண்ணீர்க் குளத்தில் ஆறப்போடுவார்கள். பிறகு நம் நாட்டில் மறுசுத்திகரிப்பு, அதாவது இன்னும் பயன்படுவதைப் பிரித்தெடுப்பது. டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் மூன்றிலும் அதற்கு ஆலை உண்டு. கடைசியில் மிஞ்சுவதைக் கண்ணாடியோடு உருக்கி அடைத்து வைப்பார்கள்.

கழிவைவிட இன்னொன்று என்னை உறுத்துவது உண்டு. உலையைத் தூரத்தில் வைப்போம் என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். தாராப்பூரில் புதிய உலைகளுக்காக அக்கர்பட்டி, போஃப்ரண் கிராமத்துக்காரர்கள் வீட்டைவிட்டுப் போனார்கள். கூடங்குளம் உலை எங்கள் ஊர்ப் பக்கம் ஏன் என்று இடிந்தகரை மக்கள் கேட்டதும் தமிழ் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். நமக்குத் தூரமாக இருப்பது அவர்களுக்கு வாசல்.

ஹைட்ரஜன் கார்?

அணு உலைச் சூட்டில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் முறைகளில் நம் பாபா அணு ஆராய்ச்சி மையம் பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. உரத்துக்கும் இரும்பாலைக்கும் நல்லது. காருக்கு, மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி மறுபடி மின்சாரமாக்கினால் மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே தொலைகிறது. பேட்டரியில் நேராகப் போடுவதுதான் லாபம்.

சின்ன உலைகள் வரப்போகின்றனவே, அவை?

சின்ன என்றால் 200 மெகாவாட். அந்த அளவில் ஒன்றை நம்மவர்கள் வடிவமைத்து வருகிறார்கள், முதலாவதைத் தாராப்பூரில் கட்டும் திட்டம் இருக்கிறது. இப்போது நாட்டில் சுமார் 8,800 மெகாவாட் இருக்கும் அணுமின் திறனை 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட் ஆக்குவதாக 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நம் பழைய இலக்குகளின் வரலாற்றைப் பார்த்தவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றே பார்ப்பார்கள், நானும்தான். அது நடந்தால் கார்களுக்குக் கிடைக்கும் பங்கும் கூடும்.

அணுசக்தி கார் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

வேண்டாம். அதற்குப் பதில், உங்கள் பார்க்கிங் இடத்தில் 15 ஆம்பியர் பிளக் ஒன்று போட சொசைட்டிச் செயலாளரிடம் இப்போதே கடிதம் கொடுத்து வையுங்கள். வீட்டு இணைப்பிலிருந்தே காரைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது, அதன் நகலையும் இணைத்துவிடுங்கள். 30 யூனிட் பேட்டரி, அந்தப் பிளக்கில் இரவு பத்துக்குச் செருகினால் காலை எட்டுக்குள் பெரும்பாலும் நிரம்பிவிடும்.